பதின்ம வயது மூளைக்குப் ‘பிரேக் இல்லை’ என்பது உண்மையா? ஆபத்தும் பின்னூட்டமும் பற்றி ஒரு விவாதம்

மலர்விழி_கணக்கு

எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். “இருபத்தைந்து வயதுவரை மூளையில் பிரேக்கே கிடையாது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது நம் தவறு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெற்றோர் பலருக்கு நிம்மதி. எனக்கு நெருடல்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். நிகழ்தகவுக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிடுகிற பிள்ளைகள் சாயங்காலம் ஒரே வண்டியில் மூன்று பேராக, ஹெல்மெட் இல்லாமல் பைபாஸில் பறக்கிறார்கள். இவர்களை ஆபத்து தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் கவனிக்கிறேன். ஒரு தேர்வில் சறுக்கினால் படிக்கும் முறையை மாற்றிக்கொள்கிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு சின்னப் பாராட்டு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் மூளையில் அடிப்படை உண்டா, இல்லை மேடைப் பேச்சா? ஆய்வுகளைப் படித்தவர்கள் விரிவாக எழுதுங்கள். அவசரமில்லை.

ஆய்வுமேசை

டீச்சர், இது என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் ‘பிரேக்’ பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 2008 வாக்கில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும், அப்போது கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இருந்த பி.ஜே. கேசியும் தனித்தனியாக ஏறத்தாழ ஒரே கருத்தை எழுதினார்கள். மூளையின் உட்பகுதியில் ஸ்ட்ரையேட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. பரிசு கிடைக்கும்போதும் கிடைக்கப்போகிறது என்னும்போதும் துடிப்பாக இயங்குவது அதுதான். பருவமடையும் காலத்தை ஒட்டி அதன் வேகம் கூடுகிறது. யோசித்து நிறுத்துகிற முன்நெற்றிப் புறணியோ நிதானமாக, இருபதுகளுக்குள்ளும் முதிர்ந்துகொண்டே போகிறது. நடுவில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வான சில ஆண்டுகள்தான் விடலைப் பருவத் துணிச்சலுக்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொன்னது ‘மெதுவாக வலுப்பெறுகிறது’ என்பது. மேடைக்கு வரும்போது அது ‘கிடையாது’ ஆகிவிட்டது. 25 என்பதும் அப்படித்தான். அந்தப் பிறந்தநாளில் எந்த ஸ்கேனிலும் ஒரு கோடு விழுவதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் சோதனைகள் இரண்டு. 2005இல் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 306 பேரை மூன்று வயதுக் குழுவாகப் பிரித்தார்கள்: 13 முதல் 16, 18 முதல் 22, 24க்கு மேல். கணினியில் கார் ஓட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு விழுந்தபின் எவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள் என்பதுதான் கணக்கு. தனியாக விளையாடியபோது மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே நண்பர்கள் இருந்தபோது சிறியவர்கள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. கல்லூரி வயதினருக்குப் பாதியளவு கூடியது. 24க்கு மேற்பட்டவர்களிடம் மாற்றமே இல்லை.

2011இல் ஜேசன் செயின் குழு அதே மாதிரி விளையாட்டை மூளையில் எந்த இடம் இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் கொண்டுபோனது. ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் மஞ்சளில் நின்றால் கொஞ்ச நேரம் இழப்பு. நிற்காமல் போய்த் தப்பினால் லாபம். மோதினால் நின்றதைவிட அதிக நேரம் போய்விடும். ஒரு சுற்று தனியாக. இன்னொரு சுற்றில் கூட வந்த நண்பர்கள் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது ஓட்டுகிறவருக்கும் தெரியும். நண்பர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினரின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்திலும் (ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பகுதி) அதோடு சேர்ந்து இயங்கும், கண்களுக்கு மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதியிலும் செயல்பாடு எகிறியது. பெரியவர்களிடம் அது நடக்கவில்லை. முன்நெற்றியின் பக்கவாட்டுப் பகுதியைப் பெரியவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் இருந்தது. அதாவது நண்பன் பார்க்கிறான் என்பதால் நிறுத்தும் பகுதி செயலிழக்கவில்லை, பரிசின் கவர்ச்சிதான் கூடியது. உங்கள் பையன்கள் நிகழ்தகவை மறந்துவிட்டுப் பைபாஸுக்குப் போவதில்லை என்று நான் எண்ணுவதற்கு இதுதான் காரணம்.

எல்_போர்டு

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன். பதினெட்டு முடிஞ்ச கையோட வர்ற பசங்க, நானும் அவனும் மட்டும் வண்டில இருந்தா கிளட்ச், கியர், கண்ணாடி எல்லாம் சுத்தமா பாத்து ஓட்டுவான். பின்சீட்ல அவன் ஃபிரெண்டு ரெண்டு பேரு ஏறிட்டா அதே பையன் ஓவர்டேக் பண்ண இடம் தேடுவான். அவங்க ஒண்ணும் உசுப்பேத்தக்கூட வேணாம். சும்மா உக்காந்திருந்தாலே போதும். முப்பது வயசுல கத்துக்க வர்றவங்ககிட்ட இத நான் பாத்ததில்ல.

பாண்டிநாட்டான்

நான் புள்ளியியல் படித்தவன். இந்த ஆய்வுகளைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பற்றிய முடிவுகள் இவற்றின்மேல் எழுப்பப்படுகின்றன, அதனால் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2011 ஸ்கேன் ஆய்வில் பதின்ம வயதினர் 14 பேர், இளைஞர்கள் 14, பெரியவர்கள் 12. மொத்தம் 40 பேர். இதை வைத்துக்கொண்டு ‘பதின்ம மூளை இப்படித்தான்’ என்று எழுதுவது பெரிய பாய்ச்சல்.

அடுத்தது, முடிவுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. 2004இல் ஜேம்ஸ் ப்யோர்க் குழு 12 முதல் 17 வயதினரை இருபதுகளில் உள்ளவர்களோடு ஒப்பிட்டது. பரிசை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நொடிகளில் சிறியவர்களின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் குறைவாகத்தான் இயங்கியது. 2006இல் அட்ரியானா கால்வன் குழு, பரிசு கிடைக்கும்போது வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பதின்ம வயதினரிடம்தான் அதிகம் இயங்குகிறது என்றது. ஒருவர் குறைவு என்கிறார், ஒருவர் கூடுதல் என்கிறார். எதை நம்புவது?

பிறகு அந்தப் பிரபலமான பலூன் சோதனை. 2002இல் வந்தது. திரையில் பலூனுக்குக் காற்றடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் 5 சென்ட் சேரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் காசை எடுத்துக்கொள்ளலாம், வெடித்துவிட்டால் அந்தப் பலூனின் காசு போச்சு. 1 முதல் 128 வரை எந்த அடியிலும் வெடிக்கலாம். சராசரி 64. ஆனால் பெரும்பாலோர் அதற்கு வெகுமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் கூடுதலாக அடிக்கிறவன் கூடுதலாகச் சம்பாதிக்கிறான்! அந்தச் சோதனையில் ‘அதிக ஆபத்து எடுத்தான்’ என்று எழுதப்படுகிற பையன் உண்மையில் நல்ல முடிவு எடுத்தவன். இதை யாரும் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. ஒரே ஆளை ஒரே விளையாட்டோடு இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் ஒரே மாதிரி வருகிறதா என்பதை 2020இல் மாக்ஸ்வெல் எலியட் குழு தொகுத்துப் பார்த்தது. நம்பகத்தன்மை அளவு ஏறத்தாழ 0.4 (இரண்டு தடவையும் அச்சாக ஒன்றே வந்தால் 1). ஒரு குழுவின் சராசரியைப் பேச அது போதும். ஒரு தனிப் பையனைப் பற்றிப் பேசப் போதவே போதாது.

ஆய்வுமேசை

பாண்டி அண்ணா, கடைசிக் கருத்தை அப்படியே ஏற்கிறேன். இதைப் பெற்றோர் அனைவரும் படிக்க வேண்டும். எந்த ஸ்கேனும் உங்கள் மகன் நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்லாது.

ப்யோர்க், கால்வன் முரண்பாட்டுக்குப் பெரும்பகுதி விடை இருக்கிறது. ஒருவர் அளந்தது காத்திருக்கும் கட்டம், மற்றவர் அழுத்தம் கொடுத்தது கையில் வந்து சேரும் கட்டம். இரண்டும் மூளைக்கு ஒன்றல்ல. எஃப்.எம்.ஆர்.ஐ. இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற கருவி. அது உச்சம் தொடவே நான்கு முதல் ஆறு நொடி ஆகும் என்பதால் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்களைப் பிரித்தெடுப்பதே கைப்பக்குவம். பிறகு பெரிய ஆய்வுகளும் வந்துவிட்டன. நெதர்லாந்தின் லெய்டனில் எவலின் க்ரோன் குழு 8 முதல் 27 வயது வரை 299 பேரைச் சேர்த்து, இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் பெரும்பாலோரை மறுபடி ஸ்கேன் செய்தது. நாணயம் பூவா தலையா என்று ஊகிக்கும் எளிய ஆட்டம். காசு ஜெயிக்கும்போது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் துடிப்பு வயதோடு ஏறி, பதின்பருவத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. 2015இல் வெளியான இந்த முடிவு சிறிய ஆய்வுகளைவிட நம்பத் தகுந்தது.

உங்கள் பலூன் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு வலு சேர்க்க இன்னொரு தகவல் தருகிறேன். 2012இல் அக்னியெஷ்கா டிமுலா, இஃபாத் லெவி ஆகியோர் 12 முதல் 17 வயதினரையும் 30 முதல் 50 வயதினரையும் சீட்டுக் குலுக்கல் மாதிரியான தேர்வுகளில் ஒப்பிட்டார்கள். ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பதின்ம வயதினர் பெரியவர்களைவிடக் குறைவாகவே துணிந்தார்கள். வாய்ப்பின் ஒரு பகுதியை மறைத்தபோதுதான் அவர்கள் முந்தினார்கள். என்ன ஆகும் என்று தெரியாத நிலையைப் பெரியவர்கள் அஞ்சி விலக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தெரியாமை தடையாக இல்லை. புது ஊர், புது வேலை, புது மனிதர்கள் என்று வீட்டைவிட்டு வெளியே போக வேண்டிய வயது அது. அந்தப் பயம் இல்லாதிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இரு_பிள்ளைத்_தாய்

எல்லாம் படித்தேன். டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே? என் மூத்தவளுக்குப் பதினைந்து வயது. ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. செய்தித்தாளில் வந்த விபத்தை எடுத்துக் காட்டினால் “அதெல்லாம் எனக்கு நடக்காதும்மா” என்கிறாள். கெட்டது நடக்கும் என்ற செய்தி இந்த வயதில் மூளைக்குள் போவதே இல்லையா?

ஆய்வுமேசை

அக்கா, உங்கள் மகள் சொன்னதை அப்படியே ஒரு சோதனை அளந்திருக்கிறது. 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் தாலி ஷாரட், சாரா-ஜெய்ன் பிளேக்மோர் ஆகியோரின் குழு 9 முதல் 26 வயது வரையுள்ளவர்களிடம், விபத்து, நோய் போன்ற கெட்ட நிகழ்வுகள் தங்களுக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டது. பதில் சொன்னபின் உண்மையான சராசரியைக் காட்டி, மறுபடி கேட்டது. ‘நீ நினைத்ததைவிட ஆபத்து குறைவு’ என்ற நல்ல செய்தியை எல்லா வயதினரும் ஒரே அளவில் ஏற்றுக்கொண்டார்கள். ‘நீ நினைத்ததைவிட ஆபத்து அதிகம்’ என்ற செய்தியை ஏற்றுத் தன் கணிப்பை மாற்றிக்கொள்வது வயது குறையக் குறையப் பலவீனமாக இருந்தது. நாம் ஊட்டுகிற பயமுறுத்தல் பெரும்பாலும் இரண்டாவது வகை.

பின்னூட்டம் மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது டீச்சருக்கும். ஒரு செயலைச் செய்யும்போது மூளை முன்கூட்டியே ஒரு கணிப்பை வைத்திருக்கிறது. கிடைத்தது கணிப்பைவிட நன்றாக இருந்தால் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் வேகமாகத் துடிக்கும். மோசமாக இருந்தால் துடிப்பு அடங்கும். இந்த வித்தியாசம்தான் கற்றலுக்கு அடிப்படை என்பது வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டறிந்து 1997இல் எழுதிய பெரிய சேதி. 2010இல் ஜெசிகா கோஹன் குழு இதைச் சிறுவர், பதின்ம வயதினர், பெரியவர் மூவரிடமும் பார்த்தபோது, எதிர்பாராத நல்ல விளைவுக்கு ஸ்ட்ரையேட்டம் காட்டும் துடிப்பு பதின்ம வயதில்தான் உச்சத்தில் இருந்தது.

எதிர்மறைப் பின்னூட்டம் கதை வேறு. 2008இல் லெய்டனில் 8–9, 11–13, 18–25 வயதினருக்கு ஒரு விதியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ‘சரி’ என்று வந்தபோது முன்நெற்றிப் பக்கவாட்டுப் பகுதி கூடுதலாக இயங்கியது சிறு பிள்ளைகளுக்கு. ‘தவறு’ என்று வந்தபோது கூடுதலாக இயங்கியது பெரியவர்களுக்கு. 11–13 வயதினர் நடுவில், மாறிக்கொண்டிருக்கும் நிலையில் இருந்தார்கள். தவறிலிருந்து கற்க, ‘நான் எந்த இடத்தில் பிசகினேன், அடுத்து எதை மாற்ற வேண்டும்’ என்று பின்னோக்கி யோசிக்க வேண்டும். ‘சரி’ என்றால் அதையே மறுபடி செய்தால் போதும். வேலைப்பளுவே வேறு.

2016இல் ஸ்டெஃபானோ பால்மின்டெரி, பிளேக்மோர் ஆகியோர் செய்தது இன்னும் கூர்மையானது. இரண்டு சின்னங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சுற்றுகளில் நீங்கள் தேர்ந்தது என்ன தந்தது என்று மட்டும் காட்டுவார்கள். சில சுற்றுகளில் தேர்வு செய்யாமல் விட்டது என்ன தந்திருக்கும் என்பதையும் காட்டுவார்கள். பெரியவர்கள் அந்தக் கூடுதல் தகவலால் பயனடைந்தார்கள், இழப்பைத் தவிர்க்கவும் பரிசைத் தேடவும் சமமாகக் கற்றார்கள். 12 முதல் 17 வயதினர் பரிசைத் தேடுவதில் நன்றாகக் கற்றார்கள், இழப்பைத் தவிர்ப்பதில் பின்தங்கினார்கள். ‘அதை எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் பார்’ என்ற தகவல் அவர்களுக்கு உதவவே இல்லை. ‘அப்பவே சொன்னேனே, கேட்டிருந்தா’ என்று நாம் ஆரம்பிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றும்.

மலர்விழி_கணக்கு

இது என் வகுப்பறையைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. விடைத்தாளில் நான் சிவப்பு மையில் எழுதுவதெல்லாம் ‘இப்படிச் செய்திருக்க வேண்டும்’ வகைதான். பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு கேள்வி: அப்படியானால் இந்த வயதில் கற்கும் திறனே குறைவா?

ஆய்வுமேசை

இல்லவே இல்லை டீச்சர். 2016இல் ஜூலியட் டேவிடோ, டாஃப்னா ஷொஹாமி, கால்வன் ஆகியோரின் ஆய்வு வந்தது. பட்டாம்பூச்சி எந்தப் பூவில் உட்காரும் என்று ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கு உடனே ‘சரி’, ‘தவறு’ என்று விடை வரும். 13 முதல் 17 வயதினர் இருபதுகளில் உள்ளவர்களைவிட நன்றாகக் கற்றார்கள்! விடை வரும் நேரத்தில் திரையில் சம்பந்தமில்லாத ஒரு படமும் தோன்றும். பிறகு திடீரென அந்தப் படங்களைக் காட்டி ‘பார்த்த நினைவு உண்டா’ என்று கேட்டார்கள். எதிர்பாராமல் ‘சரி’ வந்த நேரத்துப் படங்கள் பதின்ம வயதினர் நினைவில் நன்றாகப் பதிந்திருந்தன. ஸ்கேனில், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் ஸ்ட்ரையேட்டத்தோடு சேர்ந்து இயங்கியது அவர்களிடம்தான். பெரியவர்களிடம் அந்தச் சேர்க்கை தென்படவில்லை.

பரிசுக்குத் துள்ளுகிற அதே மூளைதான் இதையும் செய்கிறது. உடனுக்குடன், சின்னச் சின்னதாக, ‘இது சரி’ என்று வருகிற பின்னூட்டத்தில் பதின்ம வயதினர் நம்மை முந்துகிறார்கள். மாதம் ஒருமுறை சிவப்பு மையில் வருவதில் பின்தங்குகிறார்கள்.

பாண்டிநாட்டான்

அருமையான ஆய்வு. இதோடு 2017இல் கேத்தரின் இன்செல், லியா சோமர்வில் ஆகியோர் செய்ததையும் டீச்சர் பார்க்கலாம். 13 முதல் 20 வயது வரை. சில சுற்றுகளில் பந்தயம் பெரிது, சிலவற்றில் சிறிது. வயதில் மூத்தவர்கள் பெரிய பந்தயத்தில் கூடுதல் கவனத்தோடு ஆடினார்கள். இளையவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஸ்ட்ரையேட்டத்துக்கும் முன்நெற்றிக்கும் இடையிலான இணைப்பு இந்த வயதில் இன்னும் முதிர்ந்துகொண்டிருப்பதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். ‘வாழ்க்கையையே தீர்மானிக்கிற பரீட்சை’ என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் குரலை உயர்த்துகிறோமே, அந்த உயர்ந்த குரல் அவர்கள் கவனத்தைக் கூட்டுகிறதா என்று நான் சந்தேகிக்கிறேன்.

ஸ்காபரோ_சிவா

வணக்கம். நான் டொராண்டோப் பக்கம் இருக்கிறன். கூட ஏறுற நண்பர்களைப் பற்றி எல்_போர்டு தம்பி எழுதினதுக்கு ஒண்டு சொல்லவேணும். இஞ்ச ஒன்டாரியோவில 1994இல இருந்து லைசென்ஸ் படிப்படியாத்தான் தருவினம். ஜி1 எண்டால் பக்கத்தில நாலு வருசமாவது அனுபவம் உள்ள ஆள் இருக்கோணும். ஜி2 வந்தாப் பிறகு தனிய ஓடலாம். ஆனா 19 வயசும் அதுக்குக் கீழயும் எண்டால் முதல் ஆறு மாதம், நடுச்சாமம் 12 மணியில இருந்து விடிய 5 மணி வரைக்கும், தன்ர வயசுப் பெடியளில ஒரு ஆளைத்தான் ஏத்தலாம். ஆறு மாதம் கழிய மூண்டு பேர். சொந்தக் குடும்பத்து ஆக்களுக்கு அந்தக் கணக்கில்ல. என்ர மகன் முதல்ல சரியாக் கோவிச்சவன். ஆனா நண்பர்களுக்கு “சட்டம் விடாது” எண்டு சொல்ல அவனுக்கு ஒரு சாட்டும் கிடைச்சது. அப்பா வேண்டாம் எண்டவர் எண்டு சொல்லுறதைவிட அது அவனுக்கு லேசு.

ஆய்வுமேசை

சிவா அண்ணை, இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் உறுதியான எண்கள் இருக்கின்றன. 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, 16, 17 வயது ஓட்டுநர்கள் விபத்தில் இறக்கும் வாய்ப்பு வண்டியில் ஏறும் ஒவ்வொரு ஆளுக்கும் கூடிக்கொண்டே போவதைக் காட்டியது. மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறினால், தனியாக ஓட்டுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. நியூசிலாந்து 1987லேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டது.

உங்கள் ஒன்டாரியோவிலேயே, பிராக் பல்கலைக்கழகத்தில் சிட்னி செகலோவிட்ஸ் குழு பதினைந்து வயதுப் பையன்களின் தலையில், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. மின்முனைகளைப் பொருத்தி கார் விளையாட்டு ஆட வைத்தது. இழப்பைப் பார்த்த கால் நொடியில் நெற்றிக்கு மேலே ஒரு சின்ன எதிர்மறை அலை எழும். ‘தப்பாகிவிட்டது’ என்று மூளை குறித்துக்கொள்ளும் கணம் அது. நண்பர்கள் கூட இருந்தபோது அந்த அலை சிறுத்துவிட்டது. செயின் ஆய்வில் பரிசின் பக்கம் கூடியதைப் பார்த்தோம். இங்கே தவறின் பக்கம் மங்குவது தெரிகிறது.

இது மனிதருக்கு மட்டுமான சங்கதியும் அல்ல. 2014இல் டெம்பிள் குழு சுண்டெலிகளுக்கு மதுவை எட்டும்படி வைத்துப் பார்த்தது. இளம் எலிகள் கூட்டமாக இருந்தபோது தனியாக இருந்ததைவிட அதிகம் குடித்தன. வளர்ந்த எலிகளிடம் அந்த வித்தியாசம் இல்லை.

வக்கீல்_வாசுகி

சட்டத்தில் இது எங்கே போய் முட்டுகிறது என்பதை ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2005 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரோப்பர் எதிர் சிமன்ஸ் வழக்கில், குற்றம் செய்தபோது 18 வயது நிறையாதவருக்கு மரண தண்டனை கூடாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சகவயதினர் அழுத்தத்துக்கு இவர்கள் எளிதில் ஆட்படுகிறார்கள் என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றத்தில் சிக்கியவரை, பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய, முதனிலை மதிப்பீடு செய்யச் சொல்கிறது. செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா என்பது அதில் முக்கியக் கேள்வி. இது மிக நுட்பமான வேலை, உளவியல் வல்லுநர் துணை வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

என் கவலை இதுதான். அமைதியான அறையில், ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும் தம்பி?’ என்று கேட்டால் பதினாறு வயதுப் பையன் சரியான பதிலைத்தான் சொல்வான். அது சம்பவ இடத்தில், நாலு பேர் பார்க்கும்போது அவனுக்கு இருந்த திறனைக் காட்டுமா? இதற்கு ஆய்வு உண்டா?

ஆய்வுமேசை

உண்டு மேடம். ஸ்டைன்பெர்க் தலைமையில் 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரை 5,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். இந்தியாவும் அதில் இருக்கிறது. 2019இல் கிரேஸ் ஐஸநோகிள் அதே தரவை வைத்து எழுதிய கட்டுரைதான் உங்களுக்கு வேண்டியது. நிதானமாக யோசித்துக் காரணகாரியம் சொல்லும் திறன் 16 வயதை ஒட்டிப் பெரியவர்கள் அளவை எட்டிவிடுகிறது. பரபரப்பிலும் ஆசையிலும் தன்னைக் கட்டுப்படுத்தும் முதிர்ச்சி அதற்குப் பல ஆண்டு பின்னால்தான் வருகிறது. அமைதியான அறையில் நடக்கும் மதிப்பீடு முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு சொல்லும் ஆபத்து உண்மையானது.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிதானமாக முடிவெடுக்கும் விஷயங்களில், மருத்துவ ஒப்புதல் போல, பதினாறு வயதினரின் குரலுக்கு மதிப்புக் கொடுக்க இதே ஆய்வுதான் ஆதாரம். ‘பிரேக்கே இல்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

எல்_போர்டு

மேடம், சட்டம்னு வந்ததால கேக்குறேன். 2019 திருத்தத்துக்கு அப்புறம் பதினெட்டு ஆகாத பையன் வண்டி ஓட்டி மாட்டுனா அப்பாவுக்கு 25,000 ரூபா அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயில், பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாதுன்னு இருக்குல்ல? இத நான் ஒவ்வொரு அப்பாகிட்டயும் சொல்றேன், அவங்க மெரண்டு போறாங்க. பசங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஏறல.

வக்கீல்_வாசுகி

ஆமாம் தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். பெரியவர்களை எண்ணி எழுதிய தண்டனை அது. நீங்கள் பார்ப்பது மேலே அந்தத் தங்கை எழுதிய லண்டன் ஆய்வோடு ஒத்துப்போகிறது.

இரு_பிள்ளைத்_தாய்

நண்பர்கள் இருந்தால் ஆபத்து கூடுகிறது, சரி. பெற்றோர் இருந்தால்? நான் பக்கத்தில் இருந்தால் ஏதாவது மாறுமா, இல்லை எரிச்சல்தான் மிச்சமா?

ஆய்வுமேசை

மாறுகிறது அக்கா. 2015இல் ஈவா டெல்சர் குழு இதே மஞ்சள் விளக்கு விளையாட்டைப் பதினான்கு வயதை ஒட்டியவர்களுக்குக் கொடுத்தது. ஒரு சுற்று தனியாக, ஒரு சுற்று அம்மா பார்த்துக்கொண்டிருக்க. அம்மா இருந்தபோது ஆபத்தான தேர்வுகள் குறைந்தன. நிற்காமல் தப்பிப் போனபோது தனியாக இருந்தால் எழும் ஸ்ட்ரையேட்டத் துடிப்பு அம்மா முன்னால் எழவில்லை. பிரேக் போட்டு நின்றபோது முன்நெற்றியும் ஸ்ட்ரையேட்டமும் கூடுதலாகச் சேர்ந்து இயங்கின. அம்மாவுக்குப் பதில் அறிமுகமில்லாத ஒரு பெரியவரை உட்கார வைத்தும் அதே குழு பின்னால் பார்த்தது. அம்மா தரும் அளவு பலன் கிடைக்கவில்லை. ஆக, கண்காணிக்கிறார்கள் என்பது மட்டும் காரணமல்ல. யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வருகிறது.

அதே டெல்சர் 2013இல் வேறொன்றும் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்காகத் தன் காசை விட்டுக்கொடுக்கும்போது யாருடைய ஸ்ட்ரையேட்டம் அதிகம் துடித்ததோ, அந்தப் பிள்ளைகளின் ஆபத்தான நடத்தை அடுத்த ஓராண்டில் குறைந்தது. பரிசுக்கு ஏங்கும் அதே இடம் எதைப் பரிசாக எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து நல்ல பக்கமும் இழுக்கும்.

எல்_போர்டு

அம்மாவ எல்லா கிளாஸுக்கும் கூட்டிட்டு வர முடியாதே அக்கா. பசங்க குரூப்பா சேர்ந்துதான் வர்றாங்க, ஃபீஸ் குறையும்னு. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

ஆய்வுமேசை

ஒரு ஆய்வு உங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது தம்பி. 2016இல் கரோல் சில்வா, செயின், ஸ்டைன்பெர்க் மூவரும் 18 முதல் 22 வயது ஆண்களை மூன்று விதமாகச் சோதித்தார்கள்: தனியாக, ஒரே வயதுக்காரர்கள் நால்வராக, மூன்று பேரோடு 25 முதல் 30 வயதுள்ள ஒருவரைச் சேர்த்து. நால்வரும் ஒரே வயது என்றால் துணிச்சல் கூடியது. சற்று மூத்தவர் ஒருவர் கலந்தபோது, தனியாக இருந்தபோது எடுத்த முடிவுகளின் அளவுக்கே வந்துவிட்டது. அந்த மூத்தவர் அதிகாரியோ ஆசிரியரோ இல்லை, கூட்டத்தில் ஒருவர் மட்டுமே.

எல்_போர்டு

எங்கிட்ட காலைல ஆறு மணி பேட்ச்ல இருபத்தெட்டு, இருபத்தொம்பது வயசுல வேலைக்குப் போறவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. பசங்க மூணு பேருக்கு அவங்கள்ல ஒருத்தர்னு வண்டிய பிரிச்சுப் போட்டுப் பாக்குறேன்.

பாண்டிநாட்டான்

போட்டுப் பாருங்க தம்பி. ஆனால் எந்த வண்டியில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அமைதியான பையன்களை நீங்களே மூத்தவர் வண்டியில் உட்கார வைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. தேவையில்லாத ஓவர்டேக் எத்தனை, மஞ்சளில் நிற்காமல் போனது எத்தனை என்று இரண்டை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு பேட்ச் முடிந்ததும் இங்கே போடுங்கள், நான் கணக்குப் பார்த்துத் தருகிறேன்.